ஓடியவர்களுக்கு மட்டும் வந்த நோய்

நேற்று சாயங்காலம் சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "ஓடுனா நெஞ்சு அடிச்சிக்கிது நைனா, இனிமே கபடிக்குப் போவல" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். பெரியவனும் அவனுக்குத் துணையாக, "ஆமா நைனா, எனுக்கும் அடிச்சிக்கிது" என்றான். ஓடினால் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் பின்னே என்ன செய்யும்? கை தட்டுமா? வாயில் வந்ததைத் திட்டிவிட்டு ராத்திரி வேலைக்குப் போய்விட்டேன். திட்டினது போதாது என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் உங்கள் அக்கா திருத்திக் கொடுக்கட்டும். இது அவளைப் பற்றியதுதான்.

உங்கள் அக்கா பதிமூன்று வயதில் ஏழு மாதம் இருதய நோயாளியாக இருந்தாள். பெரியவன் அப்போது அம்மா இடுப்பில் இருந்தான். சின்னவன் பிறக்கவில்லை. அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. நம் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. பேசினால் எல்லோருடைய மானமும் போகும். என்னுடையதுதான் முதலில் போகும்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு தரம் டாக்டர் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார். பார்ப்பார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். முன்னூறு பிள்ளைகளைக் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜீப்பில் திரும்பிவிட வேண்டும். கண்ணைத் திற, நாக்கை நீட்டு, மூச்சை இழு, போ. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன்கூட அதைவிட நிதானமாகப் பார்ப்பான், அவன் காசு கொடுக்கிறவன் ஆயிற்றே. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை உண்டு. டாக்டர் சொல்லச் சொல்ல கம்பவுண்டர் அதில் எழுதுவார். பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்து வந்து காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அந்த வருஷம் உங்கள் அக்கா கொண்டுவந்த அட்டையில், 'இருதயம் பலவீனம். ஓட்டம், விளையாட்டு கூடாது' என்று எழுதியிருந்தது. கம்பவுண்டருக்கு நல்ல கையெழுத்து. கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தார்.

"பலவீனம்னா இன்னா நைனா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. போயி உக்காரு."

"நின்னுகினே கேக்கக் கூடாதா?"

"உக்காருன்னா உக்காரு!"

உட்கார்ந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண் பிள்ளைகள் உட்பட எல்லோரையும் ஓட்டத்தில் முந்துகிற பெண் அவள். ஒரு இடத்தில் அவளை உட்கார வைப்பதற்குள் உங்கள் அம்மாவுக்குத் தொண்டை வற்றிவிடும். அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு உட்கார்ந்தாள். அந்த அட்டையில் யார் எதை வைத்து அப்படி எழுதினார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. இங்கிலீஷில் ஒரு சீலும் பச்சை மையில் ஒரு கிறுக்கலும் இருந்தன. அது போதும் எனக்கு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அட்டை பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதற்குள் உங்கள் அத்தை வந்துவிட்டாள். அண்ணன் மகளுக்கு இருதயக் கோளாறு என்றால் அழுதுகொண்டு வருவாள் என்று நினைப்பீர்கள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நா அப்பவே சொன்னேனா இல்லியா? வயசுக்கு வந்த பொண்ணு, பசங்களுக்குச் சமமா ஓடிகினு கீதே, அடக்குங்கன்னு சொன்னேனே! அண்ணி காதுல வாங்குச்சா? இப்ப டாக்டரே எழுதிக் குட்த்துட்டாரு பாத்தியா!"

டாக்டர் தன் பக்கம் சாட்சி சொல்லிவிட்ட மாதிரி அந்த அட்டையைத் தெருவில் நாலு வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. செம்பருத்திப் பூவைக் கஷாயம் வைத்துக் கொடு என்றார்கள். ஆட்டு ஈரல் நல்லது என்றார்கள். ஒரு கிழவர் கயிறு மந்திரித்துக் கட்டினார். ஒருத்தி, ஆண்டவரிடம் முழங்கால் போட்டு ஜெபம் செய்தால் சரியாகும் என்றாள். உங்கள் அம்மா எதையும் விடவில்லை. கயிறும் கட்டினாள், ஜெபத்துக்கும் போனாள், ஈரலும் வறுத்தாள். மூன்று மாதத்தில் பிள்ளைக்கு முகம் ஊதி, படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. உடனே எல்லோரும், "பாத்தியா, டாக்டரு சொன்னது எவ்ளோ கரெக்டு!" என்றார்கள். அதற்கு முன்னால் அவளுக்கு மூச்சே வாங்கினதில்லை என்பது ஒருத்தருக்கும் நினைவில்லை. உட்கார வைத்து ஈரல் போட்டால் பந்தயக் குதிரைக்கும் மூச்சு வாங்கும்.

இதில் ஒரு கூத்து கேளுங்கள். ஓடக் கூடாது, கயிறு தாண்டக் கூடாது, பாண்டி ஆடக் கூடாது. ஆனால் தினமும் விடியற்காலையில் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து ஆறு குடம் தண்ணீர் அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. ஒரு நாள் எனக்கே உறுத்தி, "அவ இருதயம் வீக்கானவ, கொடம் தூக்கறாளே?" என்று கேட்டேன்.

உங்கள் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அட்டையில இன்னா போட்டுகீது? ஓட்டம், வெளயாட்டுன்னுதானே போட்டுகீது? கொடம்னு போட்டுகீதா?"

உங்கள் அம்மாவும், "பொம்பளப் புள்ள தண்ணி கூட எட்த்தாரலன்னா நாளைக்கு எவன் வூட்ல சேப்பான்?" என்றாள்.

நானும் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அவள் சந்தோஷத்துக்காக ஓடினால் நெஞ்சு வெடித்துவிடும், நமக்காகச் சுமந்தால் ஒன்றும் ஆகாது. இதுதான் எங்கள் இருதய சாஸ்திரம்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவன் நான்.

ஒரு சாயங்காலம் நம் ஆட்டுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிற்று. இவள் பழைய பழக்கத்தில் பின்னாலேயே ஓடினாள். நான் டீக்கடை பெஞ்சில் இருந்தேன். பார்த்ததும் எழுந்து, ஊரே கேட்கிற மாதிரி, "ஏய், ஓடாதடி! செத்துடுவ!" என்று கத்தினேன். அவள் அப்படியே நின்றாள். எங்கே நின்றாள் தெரியுமா? நடு ரோட்டில். செங்கல் ஏற்றின லாரி வந்துகொண்டிருந்தது. டிரைவர் பிரேக் போட்ட போட்டில் நாலு செங்கல் கீழே விழுந்தது. அவள் அசையவில்லை. ஓடினால் செத்துவிடுவோம் என்று அப்பன் சொல்லிவிட்டான், ஓடாமல் நின்றாலோ லாரி. எதைக் கேட்பாள் அந்தப் பிள்ளை?

டிரைவர் தலையை நீட்டினான். "யாருய்யா இது பெத்த கய்தே? புள்ளய ஓடச் சொல்லாம நிக்கச் சொல்றான்!"

நியாயமான கேள்வி. ஆட்டுக்குட்டி மட்டும் ஓடித் தப்பித்துக்கொண்டது. அதற்கு அட்டை கிடையாது.

அன்றிலிருந்து உங்கள் அக்கா நடக்கும்போதே ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். உள்ளே இருப்பது கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி. மற்றவர்கள் சொன்னது அவள் காதோடு போயிற்று. நான் கத்தினது உள்ளே இறங்கிவிட்டது.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பட்டறையில் ஆயில் இஞ்சின் மெக்கானிக். கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இஞ்சின்களை ரிப்பேர் செய்வோம். பிள்ளைப்பாக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். ஒரு நாள் ஒரு விவசாயி வந்து, "போன வாரம்தான் பாத்துக் குட்த்த, மறுபடியும் ஓவரா கத்துதுய்யா" என்று சண்டைக்கு நின்றார்.

"அஞ்சு காணிக்குத் தண்ணி எறைக்குது. கத்தாம, தாலாட்டா பாடும்?" என்றேன். "லோடு குட்த்தா கத்தத்தான் செய்யும். லோடு எட்த்தப்பறம் அடங்குதா? அதச் சொல்லு மொதல்ல."

"அது அடங்கிப்பூடுது."

"அப்ப போயி வேலயப் பாரு. அடங்கலன்னா வா."

அவர் போய்விட்டார். நான் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து வருஷமாக ஊரில் இருக்கிற இஞ்சினுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. இஞ்சினுக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காதவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் விநாடி முள் இருக்கிற கடிகாரத்தை இரவல் வாங்கி வந்தேன். அவளைக் கால் மணி நேரம் சும்மா உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணினேன். எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் வந்தது, ஒரே சீராக. பிறகு இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வரச் சொன்னேன். இறக்கி வைத்ததும் எண்ணினால் நூற்று நாற்பதுக்கு மேல் ஓடுகிறது. அவள் கண்ணில் பயம். "ஒண்ணுமில்ல, உக்காரு" என்று திரும்பத் திரும்ப எண்ணினேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஐந்தாறு நிமிஷத்தில் தொண்ணூறுக்கு வந்து, அப்புறம் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"இன்னா நைனா ஆச்சி?"

"அடங்குதும்மே."

"அப்டின்னா?"

அப்படி என்றால் என்ன என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாம் பார்த்தது இஞ்சின், இது குழந்தை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டேன்.

டிரில் மாஸ்டர் மைதானத்தில் இருந்தார். கஞ்சி போட்ட அரை டிராயர், கழுத்தில் விசில். டாக்டர் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சார், மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் பசங்க தூங்கி வழிஞ்சிகினு நிப்பானுங்க. நம்மகிட்ட அந்தக் கதையே இல்ல. டாக்டர் உள்ள ஹெட்மாஸ்டர் ரூம்ல காபி சாப்ட்டுகினு இருந்தாரு. அதுக்குள்ள மொத்தப் பசங்களையும் பின்னால மைதானத்துல மூணு ரவுண்டு ஓட வுட்டேன். டபுள் மார்ச்! அப்பதான் மூஞ்சி களையா இருக்கும், சுறுசுறுப்பா தெரியும். வருஷா வருஷம் இப்டித்தான்."

"ஓட வுட்டு?"

"யாரு மொதல்ல வந்தானோ அவன் மொதல்ல. வந்த வரிசையிலயே வராண்டால நிக்க வெச்சேன். டாக்டரு அப்பவே காபி டம்ளர வெச்சிட்டு வந்தாரு, கட கடன்னு பாத்தாரு. உங்க பொண்ணுதான் சார் ஃபர்ஸ்ட்டு! அவளத்தான் மொதல்ல பாத்தாரு."

"இதயம் பலவீனம்னு இன்னும் யார் யாருக்கு எழுதினாரு?"

நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். பதினொரு பேர். என் மகள், அவளுக்கு அடுத்து வந்தவன், அதற்கடுத்தவன். ஓட்டத்தில் முதலில் வந்த பதினொரு பேர், அதே வரிசையில். பன்னிரண்டாவது ஆளிலிருந்து எல்லோருக்கும் இருதயம் நன்றாக இருந்தது. ஏனென்றால் வரிசையில் தன் முறை வருவதற்குள் அவர்களுக்கு மூச்சு அடங்கிவிட்டது. ஓடாமல் வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் ஆடி அசைந்து வந்தவனுக்கு முதல் தரமான இருதயம்.

"ஏன் சார், இந்தப் பதினொரு பேரும் யாருன்னு உங்களுக்குத் தெரியலியா?"

"ஏன் தெரியாது? நம்ம ஸ்கூல் டீமு சார். அதான் சார் பேஜாரு. மொத்த டீமுக்கும் ஒரே சமயத்துல ஆர்ட்டு வீக்காப் பூச்சி. எல்லாம் நம்ம நேரம்!"

நேரமாம். ஊரில் நன்றாக ஓடுகிற பதினொரு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் இருதயம் கெட்டுப்போகிறது, ஒரு வாத்தியாருக்கும் ஒரு டாக்டருக்கும் ஒரு கம்பவுண்டருக்கும் அது விநோதமாகப் படவில்லை. பதினொரு அப்பன்மாருக்கும் படவில்லை. அதில் ஒருத்தன் நான் என்பதால் அவரை அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

அந்த வாரமே அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளைப் பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருதயம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். நாங்கள் இரண்டு மாடி ஏறிப் போனோம். அவர் அட்டையைப் படித்துவிட்டு, "மொதல்ல அந்த பெஞ்ச்ல போய்ப் பத்து நிமிஷம் உக்காருங்க. படி ஏறி வந்த வேகத்துல நான் கேக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பத்து நிமிஷம். அதைக் கொடுக்காததற்கு ஏழு மாதம்.

பிறகு நிதானமாகக் கேட்டார். அவளைப் படியில் ஏறி இறங்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். எப்போதாவது ஆடும்போது மயக்கம் போட்டு விழுந்தாளா, நெஞ்சு வலித்ததா, உதடு நீலம் பாரித்ததா, காய்ச்சலோடு முட்டி மாற்றி முட்டி வீங்கினதா, குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று போனார்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். நீங்கள் இரண்டு பேரும் இதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எது வந்தாலும் வந்து சொல்ல வேண்டும். அது வேறு விஷயம். வெறுமனே 'அடிச்சிக்கிது' என்பது நோய் இல்லை.

"உங்க பொண்ணுக்கு இருதயம் நல்லா இருக்கு" என்றார். "ஓடும்போது வேகமா அடிக்கணுங்க. அடிக்கலன்னாதான் எங்கிட்ட கூட்டிட்டு வரணும். இந்த வயசுல சும்மா நடந்தா போதாது. பேச்சு தடுமாறணும், வேர்க்கணும், அந்த அளவுக்கு தினமும் ஆடணும். அப்பதான் அதுவும் பலப்படும். இத்தன மாசமா என்ன செஞ்சா?"

"உக்காந்துகினு இருந்தா" என்றேன்.

"தண்ணி எட்த்தாந்தேன்" என்றாள் இவள்.

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

முட்டி வீக்கம் என்று அவர் சொன்னதும் எனக்கு நம் தெருக்கோடியில் இருந்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். மழைக்காலமானால் முட்டி வீங்கும், பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவான். சோம்பேறி என்று அவனை எல்லோரும் அடிப்பார்கள். அந்த மூன்று ரவுண்டில் அவன்தான் கடைசி. அதனால் வரிசையிலும் கடைசி. டாக்டர் கை ஓய்ந்துபோன நேரம், அவன் அட்டையில் 'நலம்' என்று எழுதியிருந்தது. திரும்பி வந்ததும் அவன் அப்பாவிடம் சொல்லி அனுப்பி வைத்தேன். முட்டி வீங்குகிற அந்தக் காய்ச்சல் இருதயத்தையும் கெடுக்குமாம்; அவனுக்குத்தான் இருதயத்தில் உண்மையான பழுது. வருஷக்கணக்கில் மாதாமாதம் ஊசி போட்டுப் பிழைத்தான். ஊரில் ஒரே ஒரு இருதய நோயாளி. அவனை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் பிடித்தார்கள்.

டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை ஹெட்மாஸ்டரிடம் நீட்டி, அட்டையில் எழுதினதை அடிக்கச் சொன்னேன்.

"அது கவர்மெண்ட் ரெக்கார்டுங்க. டாக்டர் எழுதினத டாக்டர்தான் அடிக்கணும்."

"கூப்டுங்க அவர."

"அவரு மாத்தலாயிப் போயிட்டாரே. அடுத்த வருஷம் வர்றவரு பாத்து எழுதுவாரு."

"அடுத்த வருஷமும் மூணு ரவுண்டு ஓட வுட்டுத்தானே காட்டுவீங்க?"

"அது டிரில் மாஸ்டர் டிபார்ட்மெண்ட்டுங்க" என்றார்.

கடைசியில் மனம் இரங்கி, பெரிய ஆஸ்பத்திரிக் கடிதத்தை அட்டையின் பின்னால் குண்டூசி வைத்துக் குத்தினார். "ரெண்டும் இருக்கட்டும்" என்றார். ஆக உங்கள் அக்காவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் முன்பக்கம் பலவீனமான இருதயம், பின்பக்கம் நல்ல இருதயம். அவள் படிப்பை முடித்து வெளியே வருகிற வரைக்கும் இரண்டும் ஒரே குண்டூசியில் குடித்தனம் நடத்தின.

மற்ற பத்து வீட்டுக்கும் போனேன். நாலு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர், "டாக்டரே எழுதிட்டாரு. நீ இன்னா, இஞ்சின் ரிப்பேருகாரன்தானே?" என்று கதவைச் சாத்தினார். அவர் மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று தெருவில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அவனால் எழுந்து வந்து கடையில் உப்பு வாங்க முடியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது, இனி அவள் ஓட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். வட்டார விளையாட்டுப் போட்டி வந்தது. டிரில் மாஸ்டர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"நா ஓடல சார்" என்றாள்.

"ஏம்மா? அதான் பெரிய டாக்டரே ஓடலாம்னு எழுதிக் குட்த்துட்டாங்களே?"

"எங்க நைனா செத்துடுவேன்னு சொன்னாரு சார்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். என்மேல் குறை சொல்கிற மாதிரிகூட இல்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய டாக்டர் கடிதத்துக்கும் மேலே என் கத்தல் நின்றது. ஒரு மாதம் கெஞ்சினேன், கடிகாரத்தைக் காட்டினேன், இஞ்சின் கதையெல்லாம் சொன்னேன். "சரி நைனா" என்பாள். கை நெஞ்சுக்குப் போகும். போட்டி அன்றைக்கு ஓட்டம் முடிகிற இடத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையைக் கொடுத்தார்கள். தன்னைவிட மெதுவாக ஓடுகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து நெஞ்சால் நூலை அறுத்துக்கொண்டு போக, இவள் அடுத்த ஓட்டத்துக்கு நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும். பூந்தமல்லியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். உங்கள் அம்மா முந்தின நாளே போய்விட்டாள். நானும் இவளும் காலையில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டால் முகூர்த்தத்துக்குப் போக முடியாது. படியை விட்டு உள்ளே ஏறாத ஜனம், பை, மூட்டை என்று பஸ் மெதுவாகத்தான் நகர்ந்தது. நான் "ஓல்டான், ஓல்டான்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். முப்பது அடி. பீடி குடித்துக் குடித்துக் கெட்டுப்போன மார்பு இழுத்துக்கொண்டது. நின்று, முட்டியில் கையை ஊன்றிக்கொண்டேன். போச்சு, என்று நினைத்தேன்.

யாரோ என்னைத் தாண்டி ஓடினார்கள். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சீர்வரிசைப் பையோடு, உங்கள் அக்கா. நெஞ்சில் வைக்க அவளுக்குக் கை மிச்சமில்லை. ரோட்டுத் திருப்பத்துக்குள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். தகரத்தில் பட் பட்டென்று தட்டினாள். "நிறுத்துய்யா! எங்க நைனா வரல!"

பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார். "யோவ், பொண்ணு வந்து ஒரு நாழி ஆச்சி! நீ இன்னா, அடுத்த பஸ்ஸுக்கு ஓடிகினு கீறியா?"

மொத்த பஸ்ஸும் சிரித்தது. ஏறி அவள் பக்கத்தில் விழுந்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது. இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தான் ஓடியிருக்கிறோம் என்று. இரண்டு கையும் நெஞ்சுக்குப் போயிற்று.

"அடிச்சிக்கிது நைனா" என்றாள்.

பேசலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கு மூச்சு வரவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். இரு, இரு. அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டு முன்னாலிருந்து எங்கள் சீட்டுக்கு வருவதற்குள் அவள் கண்ணைத் திறந்தாள்.

"எறங்கிடுச்சி நைனா."

தலையை ஆட்டினேன். இன்னும் எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைத் தானே பிடித்து, நான் செய்த மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். இருங்காட்டுக்கோட்டை வந்தது. இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உன்னுது எறங்கவே இல்லியே நைனா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உனுக்குத்தான் அட்டை குடுக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அட்டை வந்த பிறகு பத்து மாதத்துக்கு மேல் ஆகி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பூந்தமல்லியில் இறங்கினதும் பையை என் கையில் திணித்துவிட்டுக் கல்யாண வீட்டுக்கு முன்னால் ஓடினாள். நான் ஒரு வார்த்தையும் கத்தவில்லை.